அடிக்கோடும் இரண்டு புள்ளியும்

என் கணவருடைய கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போடக்கூடியவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கோபத்தில் சொல்கிறேன். அந்தக் கோபம் ஆறிவிட்டதா என்றால், இல்லை. எழுத உட்கார்ந்ததுமே காது மடல் சூடாகிறது.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடங்களாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வரும் பெண்களைக் கண்டுபிடிப்பதும் என் வேலையில் சேர்த்திதான். ஒரு பார்வை போதும். அசல் கையெழுத்து எப்போதும் அலட்சியமாக இருக்கும். போலியானது மிகுந்த மரியாதையோடு, மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போகும். நின்ற இடத்தில் மை கொஞ்சம் ஊறியிருக்கும். அப்படிப் போட்ட பெண்ணை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பேன். அம்மாவை அழைத்துவரச் சொல்வேன்.

அதே கைதான் வீட்டில் அவர் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. கூரியர் வரும்போது அவர் குளித்துக்கொண்டிருப்பார். அடுக்குமாடிச் சங்கத்தின் சுற்றறிக்கை வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார். எங்கள் மகன் பள்ளியில் படித்த காலத்தில் அவனுடைய டைரியில்கூட, "நீயே போட்டுடேன்" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிவிடுவார். போட்டுவிடுவேன். இனிஷியல், பிறகு அலை அலையாக ஐந்தாறு ஏற்ற இறக்கம், அதன் கீழே ஒரு நேர்கோடு, கோட்டின் முடிவில் இரண்டு புள்ளிகள். காய்கறி நறுக்குவதை நிறுத்தி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் போடுவேன். எனக்கு அது ஒரு வீட்டு வேலை, அவ்வளவுதான்.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. லஸ்ஸிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், எங்களுக்கு ஒரு ஃபிளாட். இரண்டு படுக்கையறை. மழைக்குக் கசியும் பால்கனி. அதை வாங்கும்போது அவருடைய அண்ணன், "ஆம்பளை பேர்ல இருந்தா போதும், ரெண்டு பேர் எதுக்கு" என்றார். பத்திரம் அவர் பெயரில் ஆனது. கடனும் அவர் பெயரில்தான். தவணை மட்டும் பதினைந்து வருடம் என் சம்பளத்திலிருந்து போனது, ஏனென்றால் அவர் கம்பெனியில் சம்பளம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. என் வாத்தியார் சம்பளம் ஒழுங்காக வந்தது. "லோன் முடியட்டும், உன் பேரைச் சேர்த்துடலாம்" என்று அன்றைக்குச் சொன்னார். லோன் முடிந்து ஆறு வருடமாயிற்று. "பண்ணிடலாம்" என்ற வார்த்தையை இந்த ஆறு வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் நானே கிளம்பினேன். பத்திரம் எழுதுபவரைப் போய்ப் பார்த்தேன். பாதி வீட்டைக் கணவர் மனைவிக்கு செட்டில்மெண்ட்டாக எழுதித் தரலாம், கட்டணமும் குறைவு என்றார். பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டோம். வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. "எல்லா பேப்பரும் ஓகே மேடம். இந்த அரையாண்டு சொத்து வரி ரசீது மட்டும் வேணும். அது இல்லாம உள்ளயே விட மாட்டாங்க" என்றார் பத்திரம் எழுதுபவர்.

சொத்து வரி அவருடைய துறை. இந்த வீட்டுக்காக அவர் கையிலிருந்து போவது அது ஒன்றுதான். ஆகையால் அதை ஒரு விழாவாகவே நடத்துவார். போனில் கட்ட மாட்டார். வாக்கிங் வரும் நண்பர் ஒருவருக்குப் போனில் பணம் போய்விட்டதாம். அதனால் செக்தான். வரி வசூலிப்பவர் வீட்டுக்கே வருவார். அவருக்கு நாற்காலி, காபி. இவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, செக் புத்தகத்தை எடுத்து, தேதியில் ஆரம்பித்து நிதானமாக எழுதிக் கொடுப்பார். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. நான் அடுக்களையில் இருந்தேன். காபி கொண்டுவந்து வைத்தபோது செக் ஏற்கெனவே வசூலிப்பவருடைய பைக்குள் போயிருந்தது. ஒரு சின்ன ரசீதை நீட்டினார். செக் பணமானால்தான் இது செல்லும் என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைப் படித்தேன். படித்து, சிரித்துக்கொண்டு, பத்திரக் கவருக்குள் வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து படி ஏறிக்கொண்டிருந்தபோது போன்.

"மேடம், வரி வசூல் பண்ண வந்தேனே, நான்தான் பேசறேன். சார் குட்த்த செக்கு ரிட்டன் ஆயிட்ச்சு மேடம்."

"ரிட்டனா? அவர் கணக்குல பணம் இருக்கே!"

"பணம்லாம் கீது மேடம். சைனு டேலி ஆவலையாம். நீங்க டிடி எட்த்துகினு நாளைக்கு நேரா ஆபீஸ் வந்துருங்க. இந்த வரிக் கணக்குல இனிமே செக்கு வாங்க மாட்டாங்க, ஆன்லைன்லயும் லாக் ஆயிருக்கும். ஒரு லெட்டரும் குடுக்கணும், ஏன் ரிட்டன் ஆச்சுன்னு. இல்லாங்காட்டி நோட்டீஸ் வரும்."

போனை ஸ்பீக்கரில் வைத்துத் தொலைத்திருந்தேன். முதல் மாடி வீட்டம்மா கோலப்பொடி டப்பாவோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். "என்ன டீச்சர், செக் பவுன்ஸா?" என்று அனுதாபமாகக் கேட்டார். அந்த அனுதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போய், ஒருவரிடமும் கைநீட்டாமல், கரெண்ட் பில்லைக்கூட முதல் தேதியில் கட்டிப் பழகியவள் நான். படியில் நின்றுகொண்டு, "பணம் இருக்கு, கையெழுத்துதான்..." என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்க விளக்கப் பொய் மாதிரியே இருந்தது.

வீட்டுக்குள் போய்ச் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார். வழக்கமாக இப்படி ஏதாவது என்றால் பேங்கைத் திட்டுவார், அரசாங்கத்தைத் திட்டுவார். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. "நாளைக்குப் போய்ப் பார்க்கலாம்" என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். ஆழ்வார்பேட்டையில் இருக்கிற அவருடைய பேங்குக்கு ஆட்டோவில் போனோம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயது. கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். இடது பக்கம் வருடக்கணக்காக அவர்களிடம் இருக்கும் கையெழுத்து. வலது பக்கம் திரும்பி வந்த செக்கின் படம்.

"சார், இது நீங்க போட்டதுதானா?" என்று கேட்டாள். கேள்வி அவருக்கு. பார்வை என் மேல். யாரோ போலியாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவள் நினைக்கிறாள், அந்த யாரோ நான்தான் என்றும் நினைக்கிறாள். ரேங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்க்கும் பார்வை அது. எனக்கே திரும்பி வந்தது.

வலது பக்கத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முதல் எழுத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையம். மொத்தக் கையெழுத்தும் படிக்கட்டு ஏறுவது போல மேலே ஏறிப்போய், கடைசியில் ஒரு வால் வானத்தைப் பார்த்து நீண்டிருந்தது. அடிக்கோடு இல்லை. இரண்டு புள்ளி இல்லை.

"நான் போட்டதுதான்," என்றார் அவர். "கையெழுத்தை மாத்தியிருக்கேன்."

"அப்ப பேங்க்ல அப்டேட் பண்ணணும் சார். ஃபார்ம் தரேன். அதுல பழைய கையெழுத்தும் போடணும், புதுசும் போடணும். பழசு மேட்ச் ஆனாத்தான் புதுசை ஏத்துக்குவோம்."

ஃபார்மை அங்கேயே வைத்துப் பழைய கையெழுத்தைப் போட்டார். பேனா கடைசியில் தானாக மேலே ஏறியது. இன்னொரு ஃபார்ம் கேட்டார். அதிலும் ஏறியது. மூன்றாவதில் மெதுவாக, கவனமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது மேட்ச் ஆகாது சார்" என்று மரியாதையாகச் சொன்னாள். என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் கணக்கிலிருந்து வரிக்கு டிடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கத்திவிடுவேன் என்று தெரியும்.

வீட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். "எப்பலேர்ந்து?"

பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்து வந்தார். பச்சை மையில், பக்கம் பக்கமாக, அந்த வால் வைத்த கையெழுத்து. தினம் நூற்றெட்டு தடவை. நாற்பத்தெட்டு நாள். நான் பள்ளிக்குப் போன பிறகு, சாமி விளக்கை ஏற்றி வைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பாண்டி பஜாரில் ஒரு பை கடைக்கு மேலே, மாடியில், பெயரியல் நிபுணர் ஒருவர் இருக்கிறாராம். அடிக்கோடு இருந்தால் வாழ்க்கை கீழேயே நிற்குமாம். இரண்டு புள்ளி வைத்தால் வருகிற பணம் புள்ளியோடு நின்றுவிடுமாம். மண்டலம் முடிந்ததும் புதுக் கையெழுத்தை முதலில் அரசாங்கக் காரியத்துக்குப் போட வேண்டுமாம், ராஜ யோகமாம். வரி செக்கில் போட்டுவிட்டார். பேங்க் என்று ஒன்று இருக்கிறது, அவர்களிடம் பழைய கையெழுத்து இருக்கிறது என்பது முப்பது வருடம் கம்பெனி வேலை பார்த்து ரிட்டயரான மனிதருக்குத் தோன்றவில்லை.

நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. நிபுணர் கொடுத்த பலன் தாள். முதல் பக்கம் முழுக்கக் கட்டங்கள். அதைத் திருப்பினேன். அவர் கையை நீட்டி, "அது வேணாம், விடு" என்றார். வேணாம் என்றால் படிக்காமல் விடுகிறவளா நான்?

பின் பக்கத்தில் நாலாவது வரி. 'சொத்து ஆவணங்களில் மனைவி பெயரைச் சேர்க்க வேண்டாம். எண் பகை. சொத்து கை நழுவும்.'

அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்தேன். கீழே சந்தில் இளநீர்க்காரர் ஏதோ கூவிக்கொண்டு போனார். பிறகு கேட்டேன். "இதைக் கேக்கத்தான் போனீங்களா?"

"ரெண்டு மாசமா நீ பத்திரம் பத்திரம்னு அவசரப்பட்டியா... ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு போனேன். அவர் இதெல்லாம் சொல்வார்னு எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப செக்கை வேணும்னேதான் இப்படிப் போட்டீங்க. ரசீது வரக்கூடாதுன்னு."

"சேச்சே! அப்படியெல்லாம் இல்ல. சத்தியமா அது எனக்குத் தோணவே இல்ல."

"அப்ப வெள்ளிக்கிழமை என்ன பண்றதா இருந்தீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதினொரு மணி ராகு காலம்ல வருது. காலையில பார்த்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

ஆக, செக் திரும்பியது சதி இல்லை. சதி வேறே தயாராக இருந்தது. அவர் சத்தியம் செய்தது உண்மை, அது எனக்குத் தெரியும். பொய் சொல்கிற முகத்தை நான் தினம் நாற்பது பார்க்கிறேன். அந்த உண்மைதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டம் போட்டு என்னைக் கவிழ்த்திருந்தால்கூட, என்னைப் பற்றி உட்கார்ந்து யோசித்தார் என்றாவது ஆகியிருக்கும். என் பதினைந்து வருடத் தவணையை ஒரு காலண்டர் கட்டம் தள்ளிவிடும் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். நான் பள்ளிக்கு நடந்து போன வெயில், டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டிய சாயங்காலங்கள், கழற்றி வைத்த வளையல், எல்லாவற்றுக்கும் பாண்டி பஜார் மாடியில் ஒருவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதற்குப் பீஸும் வாங்கியிருக்கிறார். என் எண் பகையாம். மாதாமாதம் சம்பளம் வந்தபோது இந்த எண் உறவாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் கத்தித்தான் சொன்னேன். முதல் மாடிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, இன்னிக்கே வரி ஆபீஸ் போயிட்டு வந்துடலாம்" என்றார்.

வரி அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. நாலரைக்குக் கவுண்டர் மூடுவார்கள். உள்ளே இருந்த அலுவலர் டிடியைப் பார்த்தார், சரி என்றார். கடிதத்தைக் கேட்டார். "கையெழுத்து மாறினதாலதான் ரிட்டன் ஆயிருக்கு. அதனால ஃபைல்ல என்ன கையெழுத்து இருக்கோ அதே கையெழுத்துல ஓனர் எழுதிக் குடுக்கணும். குடுத்தா இப்பவே ரசீது போட்டுடறேன்" என்றார். நியாயமான பேச்சு. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருகிற பெரியவர் ஒருவர், ஒரு ஸ்டூலும் அட்டையுமாக உட்கார்ந்திருந்தார். அவரையே கடிதத்தை எழுத வைத்தோம். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தார். இவர் துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தார். வளையம் வந்தது. வால் வந்தது. அடிக்கோடு போட்டார், கோடும் மேலே ஏறியது. நாற்பத்தெட்டு நாள் நூற்றெட்டு தடவை எழுதிய கை, முப்பது வருடப் பழக்கத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. பேனாவைப் பிடுங்கி, "இப்படி! இப்படித்தானே போடுவீங்க!" என்று அந்தத் துண்டுத் தாளில் ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினேன். அலை, அடிக்கோடு, இரண்டு புள்ளி.

மனு எழுதுபவர் எட்டிப் பார்த்தார். "யம்மா, அப்டியே கீதே! அப்பால இன்னாத்துக்கு அவரப் போட்டு வாட்டிகினு கீற? நீயே லெட்டர்ல போட்ரு. போட்டுட்டு ரசீத வாங்கினு போய்கினே இரு. எந்த வூட்ல சார் போட்றாரு? அல்லாம் அம்மா கைதான்."

இவர் முகம் மலர்ந்தது. "ஆமா, நீயே போட்டுடேன்" என்றார்.

மணி நாலு. என் கையில் பேனா இருந்தது. போட்டால் கால் மணியில் ரசீது, மறுநாள் பதினொரு மணிக்குப் பதிவு, சாயங்காலம் பாதி வீடு என் பெயரில். ராகு காலத்தை நான் பார்த்துக்கொள்வேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. கடிதத்தை முழங்காலில் வைத்துப் பேனாவைக் கொண்டும் போனேன்.

போட முடியவில்லை. ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் உண்மை அது இல்லை. 'நீயே போட்டுடேன்' என்ற அந்த இரண்டு சொல்தான். அவர் கையெழுத்துப் போட இருபத்தேழு வருடமாக என் கை வேண்டியிருக்கிறது. என் கையெழுத்துப் போட இந்த வீட்டில் ஒரு தாள் இல்லை. என் பெயரை வாங்குவதற்கும் நான் அவராகத்தான் ஆக வேண்டுமா? பேனாவை மூடி அவர் சட்டைப் பையில் குத்தினேன். "உங்க கையெழுத்தை நீங்களே போடுங்க. இனிமே கூரியருக்குக்கூட நான் போடப்போறதில்ல" என்றேன். மனு எழுதுபவர், "இன்னாம்மா நீ" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலரைக்குக் கவுண்டர் மூடியது. வெள்ளிக்கிழமை டோக்கன் வீணாகப் போனது. அன்று காலை பதினொரு மணிக்கு நான் ஒன்பதாம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டு ஒரு பெண்கூட வாய் திறக்கவில்லை.

நாலு நாள் அவரோடு பேசவில்லை. அந்த நாலு நாளில் அவருக்கு விஷயம் உறைத்தது. பென்ஷன் அந்தக் கணக்கில்தான் வருகிறது. செக்கில் புதுக் கையெழுத்துப் போட்டால் செல்லாது, பழையது கைக்கு வராது. புதியதைப் பதிவு செய்யவும் பழையது வேண்டும். ராஜ யோகத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். ஐந்தாம் நாள் நான் பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அது எப்படிப் போடறதுன்னு காட்டேன்."

"எது?"

"என் கையெழுத்து."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "காட்டறேன். வந்ததும் முதல் கையெழுத்து வரி லெட்டர்ல. ரெண்டாவது பத்திரத்துல. அப்பறம்தான் பேங்க். சம்மதமா?"

"அந்த எண் பகை..." என்று இழுத்தார்.

"பகையோடதானே இருபத்தேழு வருஷமா சாப்பிட்டீங்க? எண் வேணும்னா பாண்டி பஜாருக்குப் போங்க. கையெழுத்து வேணும்னா உட்காருங்க."

உட்கார்ந்தார். இம்போசிஷன் கொடுத்தேன். தினம் நூற்றெட்டு, நீல மையில். பள்ளியிலிருந்து வந்ததும் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். வால் வந்தால் அடித்துவிடுவேன். ஏறினால் சுழித்துவிடுவேன். முதல் நாள் நூற்றெட்டும் தப்பு. இரக்கம் வரவில்லை. பத்து நாளில் கோடு நேரானது, புள்ளிகள் வந்து உட்கார்ந்தன, ஆனாலும் அது போலிதான். அவர் தன் கையெழுத்தையே பயந்து பயந்து காப்பியடித்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் டிவியில் கிரிக்கெட் ஓடியது. கடைசி ஓவர். நோட்டை அவர் முன்னே தள்ளி, "பார்த்துகிட்டே போடுங்க" என்றேன். நோட்டைப் பார்க்காமல் போட்டார். அலட்சியமாக, ஒரே இழுப்பில். அசல்.

டிவியை அணைத்தேன். கடிதத்தை நீட்டினேன்.

அபராதத்தோடு வரி ரசீது கிடைத்தது. மறுபடி டோக்கன் போட்டேன். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை இஸ்திரி போடப் போனார்.

பத்திரத்தை நான் முழுதாகப் படித்தது இந்தத் தடவைதான். முதல் பக்கத்திலேயே இருந்தது: 'என் மனைவியாகிய உன்மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' இந்த வீட்டில் பாதியை எழுதித் தருகிறாராம். அடுத்த பக்கத்தில், நான் இதற்குப் பணம் எதுவும் கொடுக்கவில்லை என்று ஒரு வரி.

"இதை மாத்துங்க," என்றேன் பத்திரம் எழுதுபவரிடம். "பதினஞ்சு வருஷம் தவணை கட்டினது நான். அதை எழுதுங்க."

"அப்படி எழுதினா அது கிரயம் ஆயிடும் மேடம். கட்டணம் பல மடங்கு. அன்புன்னு போட்டா கொஞ்சத்துல முடிஞ்சிடும். எல்லாருக்கும் இப்படித்தான் எழுதறது."

உண்மையை எழுதக் கையில் பணம் இல்லை. அதனால் அன்பு என்றே இருந்தது. பதிவு அலுவலர் அவரிடம், "யாருடைய வற்புறுத்தலும் இல்லாம எழுதிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். கையெழுத்துப் போட்டார். அடிக்கோடு நேராக இருந்தது. இரண்டு புள்ளிகளையும் வைத்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்கள். நான் என் பெயரைப் போட்டேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இந்த ஒரு பெயருக்கு இவ்வளவு செய்ய வேண்டியிருந்ததே என்றுதான்.

இந்த அரையாண்டு வரி இரண்டு பேர் பெயரில் வந்தது. போனில் கட்டலாம், மூன்று நிமிட வேலை என்று மகன் சொல்லிக்கொடுத்தான். திறந்து பார்த்தேன். எண் கேட்டது, ஓடிபி கேட்டது. கையெழுத்து கேட்கவில்லை. மூடி வைத்துவிட்டேன். வரி வசூலிப்பவரை வரச் சொன்னேன். செக்கா என்று தயங்கினார், வரிக் கணக்கின் பூட்டை எடுத்தாயிற்று என்று தெரிந்ததும் வந்தார். நாற்காலியில் உட்கார வைத்தேன். காபி போடச் சொல்லி அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தேன். என் கணவர்தான் போட்டுக் கொண்டுவந்தார். கண்ணாடியைத் துடைத்து, என் செக் புத்தகத்தில், தேதியில் ஆரம்பித்து நிதானமாக எழுதினேன்.

"போன தபா மாதிரி சைனு மாறிடாதே மேடம்?" என்று கேட்டார் வசூலிப்பவர்.

"மாறாது" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தேன்.